நாலாவது கியரில் இழுக்காத எல்எம்எல்: பைப்பும் ஜெட்டும் பொருத்திய விவரம்

வண்டி எல்எம்எல் என்வி. டூ ஸ்ட்ரோக், நாலு கியர், இடது கைப்பிடியைத் திருப்பிக் கியர் மாற்றும் பழைய ரகம். வெஸ்பா பிஎக்ஸ் இன்ஜினின் அதே அமைப்புதான், ஆனால் கிராங்க் கேஸில், கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்களாலான ரீட் வால்வு இருக்கும். பிஎக்ஸில் கிராங்கின் வட்டத் தட்டே சுழன்று பெட்ரோல் கலவைக்கு வழி திறந்து மூடும். அந்த முகப்பில் ஒரு ஆழமான கீறல் விழுந்தால் கேஸையே மாற்ற வேண்டியிருக்கும். எல்எம்எல்லில் அந்தத் தொல்லை இல்லை. பழைய ஸ்கூட்டரை வைத்து விளையாட நினைக்கிறவர்கள் இதைத் தேடிப் பிடிக்கக் காரணம் அது.

என் கைக்கு வரும்போதே 63 மி.மீ போர் (சிலிண்டரின் உள்விட்டம்) வார்ப்பிரும்பு கிட், அதாவது பெரிய சிலிண்டரும் பிஸ்டனும், ஏறியிருந்தது. ஒரிஜினல் போர் 57.8, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57. கிட் போட்டால் ஸ்ட்ரோக் மாறாது, 150 சிசி 177 ஆகிவிடும். கார்பரேட்டர் ஸ்பாக்கோ எஸ்ஐ 24/24. பழைய டப்பா சைலன்சருக்குப் பதில், வயிறு பெருத்த எக்ஸ்பான்ஷன் சேம்பர். இவ்வளவு இருந்தும் வண்டி ஓடின லட்சணம் இதுதான்: மூன்றாவதில் பறக்கும், நாலாவது போட்டதும் செத்துவிடும். சமதளத்தில் பொறுமையாகப் பிடித்திருந்தால் குமுறிக் குமுறி ஏறும். எதிர்க்காற்று அடித்தாலோ மேம்பாலம் வந்தாலோ மறுபடி மூன்றாவதுக்கு இறங்க வேண்டும்.

இதைச் சொன்னால் யாரும் முதலில் கேட்கிற கேள்வி, "மெயின் ஜெட் என்ன நம்பர்?" என்பதுதான். மெயின் ஜெட் என்பது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், துளையிட்ட சின்னத் திருகு. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் வேலையிலும் அது கடைசியில்தான் வந்தது. ஜெட் நம்பரைப் பைப் தீர்மானிக்கிறது. பைப் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது.

ஸ்பானரைத் தொடும் முன் கியர்க் கணக்கு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் பத்துச் சுற்று சுற்றி ஃப்ளைவீல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் போதும், பெட்டியைப் பிரிக்க வேண்டாம். என் வண்டியில் மூன்றாவது 17-க்கு 38 பல், நாலாவது 21-க்கு 35 பல் என்ற கணக்கோடு சரியாகப் பொருந்தியது. அதாவது மூன்றாவதிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது இன்ஜின் வேகத்தில் கால் பங்கு விழுந்துவிடும். நிமிடத்துக்கு 7,300 சுற்றில் கியர் மாற்றினால் நாலாவதில் 5,450-ல் போய் விழும். அங்கே இழுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நாலாவதுக்கு 36 பல் போட்டு இடைவெளியைக் குறைக்கலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு கேஸைப் பிளக்க வேண்டும். விழுகிற சுற்றில் இருநூறுக்குள்தான் லாபம் கிடைக்கும். பைப்பில் தீர்க்க முடிந்ததைப் பைப்பில் தீர்ப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

அடுத்து, புகை வெளியேறும் சிலிண்டர் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் எப்போது திறக்கிறது என்ற அளவு. ஃப்ளைவீலில் டிகிரி தட்டு ஒட்டி, பிஸ்டன் உச்சத்தைக் கண்டுபிடித்து அளந்ததில் எக்ஸாஸ்ட் 166 டிகிரி, கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட் 114 டிகிரி திறந்திருந்தன. டிகிரி தட்டு இல்லாதவர்கள் வெர்னியரிலேயே பார்க்கலாம்: ஸ்ட்ரோக் 57, கனெக்டிங் ராடு 105 மி.மீ என்றால், உச்சத்திலிருந்து பிஸ்டன் 35.8 மி.மீ இறங்கும்போது எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கினால் அது 166 டிகிரி. ஒரு மில்லி மேலே திறந்தால் சுமார் நாலு டிகிரி கூடும். போர்ட்டைத் தேய்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. சாலையில் ஓட்டும் வண்டிக்கு 166 நல்ல அளவு.

இப்போது பைப். எக்ஸ்பான்ஷன் சேம்பர் செய்யும் வேலையை அறியாமல் நீளத்தைத் தொடக்கூடாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட் திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் ஓடும். விரியும் கூம்பில் அது நுழையும்போது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, எரிந்த புகையை இழுத்து வெளியே தள்ளும். கூடவே கொஞ்சம் புதுக் கலவையும் போர்ட் வழியாக வெளியே வந்துவிடும். கடைசியில் இருக்கும் குறுகும் கூம்பில் மோதினால் அழுத்த அலையாகவே திரும்பி, வெளியே வந்த கலவையை, போர்ட் மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள் திணிக்கும். இந்தத் திணிப்பு சரியான நேரத்தில் வர வேண்டும். அலையின் வேகம் ஏறக்குறைய மாறாது, ஆனால் போர்ட் திறந்திருக்கும் நேரம் இன்ஜின் சுற்றுக்குத் தக்கபடி மாறுகிறது. ஆகவே ஒரு நீளம் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்குத்தான் பொருந்தும்.

சூத்திரம் எளிது. அலை போய்த் திரும்ப ஆகும் நேரமும் போர்ட் திறந்திருக்கும் நேரமும் சமம் என்று வைத்தால், மீட்டரில் நீளம் = அலை வேகம் × டிகிரி ÷ (12 × சுற்று). சூடான புகையில் அலையின் வேகத்தை நொடிக்கு 518 மீட்டர் என்று எடுப்பது வழக்கம். நீளத்தைப் பிஸ்டன் முகத்திலிருந்து பின்கூம்பின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். வளைவில் நூல் பிடித்து, குழாயின் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். வெளிவளைவில் அளந்தால் கணக்கு நீண்டுவிடும்.

வண்டியில் இருந்த பைப் 980 மி.மீ. கணக்கில் போட்டால் 7,300 சுற்று. அதாவது இந்தப் பைப் மூன்றாவதின் கடைசியில்தான் உச்சத்தைத் தொடுகிறது, நாலாவதில் 5,450-க்கு விழுந்ததும் உதவியை நிறுத்திவிடுகிறது. அதைவிட மோசம், அந்தச் சுற்றில் திரும்பும் அலை சீக்கிரமே வந்து, உள்ளே வரும் கலவையை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்தக் குமுறல் அதனால்தான்.

இங்கேதான் பிஸ்டன்கள் சாகின்றன. 5,500-ல் குமுறுவதைக் கேட்டு, "ரிச்சா இருக்கு" என்று, அதாவது பெட்ரோல் மிஞ்சுகிறது என்று, மெயின் ஜெட்டைக் குறைப்பார்கள். குமுறல் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் 7,300-ல் அதே இன்ஜின் முழு மூச்சில் காற்றை இழுக்கும்போது அதே ஜெட் போதாது. மூன்றாவதில் ஆசையாக ஒரு நீட்டு நீட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரோடு பிடித்துவிடும். என் கார்பரேட்டரில் வரும்போதே 118 இருந்தது, பிளக்கின் வெள்ளைப் பீங்கான் அடிவரை வெளுத்துக் கிடந்தது. பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள். ஒருமுறை லேசாகப் பிடித்து விட்ட அடையாளம்.

எனக்கு வேண்டியது மூன்றாவதில் 7,000 வரை போய், நாலாவதில் 5,200-ல் விழுந்தாலும் இழுக்கும் பைப். நடுவில் 6,300 என்று குறி வைத்தால் நீளம் 1,137 மி.மீ வருகிறது. பழையதைவிட 157 மி.மீ அதிகம். இதை எங்கே சேர்ப்பது என்பதில் என் முடிவு: முன்குழாயில் 120, மீதியைப் பின்கூம்பை நீட்டிப் பெறுவது. பழைய பின்கூம்பு 165 மி.மீ நீளத்தில் 100-லிருந்து 23-க்குக் குத்தாகக் குறுகியது. குத்தான கூம்பு அலையை ஒரே வீச்சில் திருப்பி அனுப்பும். உச்சம் கூர்மையாக வரும், இழுவை கிடைக்கும் சுற்றின் பட்டை குறுகலாக இருக்கும். சாய்வான கூம்பு அலையை நீட்டித் திருப்பும். உச்சம் கொஞ்சம் தணியும், ஆனால் இழுவை அகலமாகக் கிடைக்கும். கியர் இடைவெளி பெரிதாக உள்ள ஸ்கூட்டருக்கு அகலம்தான் வேண்டும். புதுக் கூம்பை 240 மி.மீ நீளத்துக்குத் தீர்மானித்தேன். நடுப்பகுதி அதனால் 37 மி.மீ பின்னே போகும். கணக்கு முடிந்தது.

கூம்பைத் தகட்டில் வரையும் முறை பலருக்குப் பயன்படும். பெரிய விட்டம் 100, சிறிய விட்டம் 23, நீளம் 240. சாய்வு நீளம்: 240-ன் வர்க்கமும், விட்ட வித்தியாசத்தில் பாதியான 38.5-ன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 243. வெளிவில்லின் ஆரம் 100 × 243 ÷ 77 = 315.6 மி.மீ. உள்வில்லின் ஆரம் 23 × 243 ÷ 77 = 72.6. கோணம் 180 × 77 ÷ 243 = 57 டிகிரி. அட்டையில் வரைந்து வெட்டி, சுருட்டி ஒட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குப் போனால் தகடு வீணாகாது. தகடு 1.2 மி.மீ சிஆர்சி, குளிர் உருட்டு இரும்புத் தகடு. மெல்லியதாகப் போட்டால் சத்தம் தகரமாகக் கேட்கும், வெல்டிங் ஓரத்தில் சீக்கிரம் வெடிக்கும்.

கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அட்டைக் கூம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கூம்பு சரீங்க தம்பி. ஆனா பழசு நூத்தி அறுவத்தஞ்சு, நீங்க எரநூத்தி நாப்பதுங்கறீங்க. ஸ்டாண்டு எங்க போகுமுங்க?" நியாயமான கேள்வி. சென்டர் ஸ்டாண்டை ஏற்றி இறக்கி, கம்பியை வளைத்துப் பைப்பின் நடுக்கோட்டை வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் முன்குழாயின் வளைவு முடிவாயிற்று. டயருக்கும் பைப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, பின்சக்கரத்தைக் கழற்ற பைப்பைக் கழற்ற வேண்டியிராத அளவுக்கு. ரோட்டோரத்தில் பஞ்சர் ஆகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

முன்குழாயை ஒரே துண்டாக வெல்டு செய்யாமல், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சறுக்கு இணைப்பு வைத்தோம். இரண்டு ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும். இதனால் நீளத்தை நகர்த்தி நகர்த்திப் பார்க்க முடிந்தது. சூத்திரத்தில் அலை வேகம் ஒரு ஊகம், அவ்வளவே. புகையின் சூட்டைப் பொறுத்து அது மாறும். ஓட்டிப் பார்த்துத்தான் நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

பின்னால் புகை வெளியேறும் சிறு குழாயின் விட்டத்தில் கை வைக்கவில்லை. முன்குழாய் 38 மி.மீ, அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம், 23. இதைச் சிறிதாக்கினால் அடியில் இழுவை கூடின மாதிரி இருக்கும், ஆனால் பைப்புக்குள் சூடு தேங்கி பிஸ்டன் உச்சியில் போய் முடியும். அதன்மேல் துளைக் குழாயும் கண்ணாடி நாரும் வைத்த நீளமான சத்தத் தடுப்பான். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை: 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதையே அனுமதிக்காது. தெரிந்தேதான் இந்த வேலையில் இறங்குகிறோம். தெருவையும் எழுப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை. நல்ல தடுப்பான் வைத்ததால் சக்தி குறைந்ததாக நான் ஒருபோதும் கண்டதில்லை.

ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே ஸ்குவிஷ் இடைவெளியும் (உச்சத்தில் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது) பார்த்தாயிற்று. பிஸ்டன் மேல் சால்டர் கம்பியை இரு ஓரத்திலும் கிரீஸ் தொட்டு ஒட்டி, ஹெட்டை முறையாக முறுக்கி, ஃப்ளைவீலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, நசுங்கிய கம்பியை அளந்தால் 2.3 மி.மீ. ஹெட்டின் முகத்தில் லேத்தில் 0.9 எடுத்து 1.4-க்குக் கொண்டுவந்தோம். ஸ்பார்க் டைமிங் உச்சத்துக்கு 18 டிகிரி முன்னால், ஸ்ட்ரோப் விளக்கில் பார்த்து வைத்தது. பிளக் என்ஜிகே பி8எச்எஸ், குளிர்ந்த ரகம்.

கார்பரேட்டரைத் தொடும் முன் இன்னும் இரண்டு சோதனை. இவற்றைத் தாண்டிவிட்டு ஜெட் தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் தேடுவார்கள்.

ஒன்று, காற்றுக் கசிவு. எக்ஸாஸ்ட் போர்ட்டையும் கார்பரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக சைக்கிள் பம்பில் மெதுவாகக் காற்று ஏற்ற வேண்டும். ஆறு பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், ஆயில் சீல் பிதுங்கிவிடும். சோப்புத் தண்ணீரைப் பூசிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஃப்ளைவீல் பக்கத்து சீல் போயிருந்தால் ஸ்லோ (ஆக்சிலேட்டர் விட்ட நிலையில் ஓடும் சுற்று) கண்டபடி ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் சுற்று இறங்காமல் நிற்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். என் வண்டியில் கார்பரேட்டர் அடிப்பெட்டியின் கேஸ்கட் மட்டும் கசிந்தது. மாற்றினேன்.

இரண்டு, பெட்ரோல் வரத்து. டேங்க் மேலே இருந்து தானாக இறங்கும் பெட்ரோல் இது, பம்பு கிடையாது. பத்து கிலோவாட் சக்தி தரும் டூ ஸ்ட்ரோக், முழுத் திருகலில், அதாவது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பினால், மணிக்கு ஏழு லிட்டர் அளவுக்குக் குடிக்கும், அதாவது நிமிடத்துக்கு 115 மில்லி. குழாயைக் கழற்றி அளவு பாட்டிலில் விட்டு ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும். 200-க்குக் குறைந்தால் டேப்பின் வலையோ, டேங்க் மூடியின் காற்றுத் துளையோ அடைத்திருக்கிறது. டேங்க் பாதி காலியாக இருக்கும்போது அளப்பது நல்லது. நிறைந்திருக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் வரும்.

சரி, கார்பரேட்டர்.

யமஹா ஆர்எக்ஸ் வண்டி வேலை தெரிந்தவர்கள் எஸ்ஐ கார்பரேட்டரைத் திறந்ததும் ஊசியைத் தேடுவார்கள். இதில் ஊசி கிடையாது. ஊசியின் கிளிப்பை ஒரு படி ஏற்றி இறக்கி நடுத் திருகலைச் சரிசெய்யும் வசதி இல்லாததால், ஸ்லோ ஜெட்தான் கால் திருகலுக்கு மேலும் கொஞ்ச தூரம் பொறுப்பேற்கும். அதற்கு மேல் மெயின் ஜெட் அடுக்கு: மேலே ஏர் கரெக்டர், நடுவில் துளையிட்ட எமல்ஷன் குழாய், கீழே மெயின் ஜெட், மூன்றும் ஒரே தண்டாக நிற்கும். என்னிடம் இருந்தது ஏர் கரெக்டர் 160, குழாய் பிஇ3.

இன்னொரு குழப்பம் நம்பரில். ஸ்பாக்கோ, டெல்லோர்ட்டோ ஜெட்டில் நம்பர் என்பது துளையின் விட்டம், நூறில் ஒரு மில்லி கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் நம்பர் துளையின் வழி போகும் அளவைக் குறிப்பது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பேரில்லாத ஜெட்டுகளில் நம்பர் ஒன்று, துளை ஒன்று. துளை அளக்கும் மெல்லிய ஊசிக் கம்பிகள் வைத்துப் பார்த்து, ஒத்துப்போனதை மட்டும் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

ஏர் ஃபில்டர் தட்டில் மெயின் அடுக்குக்கு நேர் மேலே எட்டு மில்லி, ஸ்லோ ஜெட்டுக்கு நேர் மேலே ஐந்து மில்லி துளை. வெஸ்பா ஆட்கள் எல்லாரும் செய்வது. இரண்டு ஜெட்டும் மேலிருந்துதான் தங்களுக்கான காற்றை எடுக்கின்றன, தட்டு அவற்றின் தலைக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. துளை போட்டால் காற்று கூடும், அதற்கேற்ப மெயின் ஜெட்டும் ஏற வேண்டும். ஆகவே முதலில் துளை, பிறகு ஜெட்.

பிறகு பெட்ரோலே மாறிவிட்ட விஷயம். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். அதே காற்றுக்கு எட்டு சதவீதம் அளவுக்குக் கூடுதல் எரிபொருள் கொடுக்க வேண்டியிருக்கிறது. துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூட, விட்டம் நாலு சதவீதம் கூடினால் போதும்: 120 இருந்த இடத்தில் 125. பத்து வருடத்துக்கு முந்தைய ஜெட் பட்டியலை அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். வாரக்கணக்கில் வண்டி நின்றால் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவேன். ஆயில் இரண்டு சதவீதம், லிட்டருக்கு 20 மில்லி, நேராக டேங்கில் கலந்து.

ஓட்டிப் பார்க்க நீலாம்பூர்ப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத நேர்ச்சாலை, விடிந்தும் விடியாத நேரத்தில். பிளக் வயரில் சுற்றும் வகை டேக்கோமீட்டர், பிளக் வாஷருக்கு அடியில் சூடு காட்டும் சென்சார், கைக்கு எட்டும் இடத்தில் இன்ஜினை அணைக்கும் சுவிட்சு. இந்த மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

வேண்டுமென்றே பெரிதாக, 135-ல் தொடங்கினேன். நாலாவதில் முழுத் திருகலில் "டொட் டொட்" என்று ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது, அதாவது பெட்ரோல் வழிகிறது. இந்த நிலையிலேயே பைப்பின் நீளத்தை நகர்த்தி முடித்துக்கொண்டேன். பெட்ரோல் மிஞ்சியிருக்கும்போது பிஸ்டனுக்கு ஆபத்தில்லை. நாலாவதில் 4,500-லிருந்து 6,500 வரை ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று டேக்கோமீட்டரைச் செல்போனில் படம் பிடித்து ஒப்பிட்டேன். நீட்டி வைத்தால் 4,700-லேயே பிடி கிடைக்கிறது, ஆனால் 6,600-ல் சுவர். குறுக்கினால் மேலே நன்றாகச் சுற்றுகிறது, கீழே பழைய கதை. கடைசியில் கணக்கு சொன்ன 1,137-ஐவிட 15 மி.மீ குறைவாக, 1,122-ல் நின்றது. என் பைப்பில் புகை அந்த 518 மீட்டர் வேகத்துக்கு வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். பின்னோக்கிக் கணக்கிட்டால் 511 வருகிறது. அங்கேயே ஒரு அடையாளக் கோடு போட்டு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

நீளம் நின்றதும் ஜெட் குறைப்பு. 130-ல் இன்னும் உச்சியில் மட்டும் குமுறல். 125-ல் சுத்தமாக ஏறியது. 122-ல் கையில் பிடிக்கும்போது இன்னும் சுறுசுறுப்பாகத் தெரிந்தது, பலரும் இங்கேதான் ஏமாறுவார்கள். சோக் சோதனை போட்டேன்: முழுத் திருகலில் ஓடும்போது சோக்கை ஒரு நொடி லேசாக இழுத்தால், வேகம் கூடினால் பெட்ரோல் போதவில்லை, குறைந்தால் போதுமான அளவு இருக்கிறது. 122-ல் இழுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. 125-ல் லேசாகத் தொய்ந்தது. அந்தத் தொய்வுதான் எனக்குப் பாதுகாப்பு, 125-ஐ வைத்துக்கொண்டேன். பிளக் வாஷர் சூடு 180 டிகிரியைத் தாண்டவில்லை. 122-ல் அது ஏறிக்கொண்டே போனது, நிற்கவில்லை.

பிளக் பார்ப்பதற்கும் முறை உண்டு. நாலாவதில் முழுத் திருகலில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, சுவிட்சை அணைத்து அதே கணத்தில் கிளட்ச் பிடித்து, உருட்டிக்கொண்டு ஓரம் கட்டிக் கழற்ற வேண்டும். வீட்டுக்கு ஓட்டிவந்து கழற்றினால் தெருமுனையில் ஸ்லோவில் நின்ற கதையைத்தான் பிளக் சொல்லும். பீங்கானின் நுனி நிறத்தை நம்ப வேண்டாம், இன்றைய ஆயிலிலும் இ20-லும் அது வெளிறித்தான் இருக்கும். பீங்கான் உலோகத்தோடு சேரும் அடியில் மெல்லிய கரி வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இருந்தது.

மேலே முடிந்தது, நடுவில் ஒரு தகராறு. நகருக்குள் கால் திருகலில் சீராகப் போகும்போது வண்டி விட்டு விட்டு இழுத்தது. இதில்தான் ஊசி இல்லாத குறை தெரியும். சோக்கை லேசாகத் தொட்டால் இழுவை சீரானது, ஆகவே பெட்ரோல் குறைவு. ஸ்லோ ஜெட்டில் இரண்டு எண் இருக்கும்: முதலாவது பெட்ரோல் துளை, அடுத்தது காற்றுத் துளை. காற்றைப் பெட்ரோலால் வகுத்தால் வரும் எண் சிறிதாகச் சிறிதாகக் கலவை கெட்டிப்படும், அதாவது பெட்ரோல் கூடும். இருந்தது 55/160, விகிதம் 2.91. மாற்றியது 52/140, விகிதம் 2.69. முதல் எண் சிறிதானதைப் பார்த்து "பெட்ரோலைக் குறைச்சுட்டீங்களே" என்று கேட்பார்கள். விகிதத்தைப் பார்க்க வேண்டும். பின்புற மிக்ஸர் திருகு முழுதும் மூடி இரண்டு சுற்று வெளியே. வெளியே திருப்பினால் கெட்டி, உள்ளே திருப்பினால் மெலிவு. விட்டு விட்டு இழுப்பது போயிற்று. ஸ்லைடை அறுக்கும் வேலைக்குப் போகவில்லை, ஏர் கரெக்டரையும் மாற்றவில்லை.

சமவெளியில் எல்லாம் சரியானதும் மேட்டுப்பாளையம் வழியாக பர்லியாறு, குன்னூர், ஊட்டி. மலை ஏற்றத்தில் நாலாவது கியரை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் நேரான இடங்களில் வண்டி அதையும் ஏற்றுக்கொண்டது. குன்னூர் தாண்டும்போது மறுபடி குமுறல். இது பைப்பின் குற்றமல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் எண்பது சதவீதம்தான். கார்பரேட்டரில் காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறையாது, அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். அதனால் கலவை பன்னிரண்டு சதவீதம் கெட்டிப்படுகிறது. விட்டத்தில் ஐந்தாறு சதவீதம் குறைத்தால் 118. எஸ்ஐ கார்பரேட்டரில் மெயின் அடுக்கை மாற்ற ஃபில்டர் மூடியும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும், கார்பரேட்டரைக் கழற்ற வேண்டாம். ஊட்டியில் 118 போட்டதும் வண்டி தெளிந்தது. இறங்கத் தொடங்கும் முன் மறுபடி 125. மறந்துபோய் 118-லேயே மேட்டுப்பாளையம் சமவெளியில் ஒரு நீட்டு நீட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அதனால் கழற்றிய ஜெட்டைச் சாவிக் கொத்தில் கோர்த்த சின்ன டப்பியில் வைக்கிறேன், சாவி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.

இறக்கத்தில் வேறு ஆபத்து உண்டு. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. ஆக்சிலேட்டரை மூடி, இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கில் நீண்ட இறக்கம் இறங்கினால், இன்ஜின் ஐயாயிரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே ஆயில் மட்டும் சொட்டாது. டைட்டான புது பிஸ்டன் அங்கே பிடிக்கலாம். ஒவ்வொரு வளைவுக்கும் இடையில் கிளட்ச் பிடித்து ஒரு தடவை ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டு இறங்குவது பழைய ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாருக்கும் கைவந்த பழக்கம்.

ஊட்டி போய் வந்த பிறகு சரிபார்த்ததில் ஹெட் நட்டுகள் லேசாகத் தளர்ந்திருந்தன, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மறுபடி முறுக்கினேன். பைப்பின் வயிற்றைப் பிடிக்கும் பிராக்கெட் ஓரத்தில் முடி அளவு வெடிப்பு. இரும்போடு இரும்பாக இறுக்கிய இடத்தில் அதிர்வு தங்கிவிடுகிறது. வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளை போட்டு வெல்டு செய்து, பிராக்கெட்டுக்கு நடுவே ரப்பர் புஷ் வைத்தாயிற்று. சத்தத் தடுப்பானின் கண்ணாடி நார் ஆயிலில் ஊறிக் கெட்டிப்படும்போது சத்தம் மாறும். அதை மாற்ற வசதியாகப் பின்மூடியை ரிவெட் அடிக்காமல் மூன்று திருகில் நிறுத்தியிருக்கிறேன்.